எல்லையும் எண்ணிக்கையும்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழையும் வழிப்போக்கருக்கு ஒரு மாநிலம் முடிந்து மற்றொன்று தொடங்கியது எளிதில் புலப்படாது. கடைத்தெருவிலே இரு மொழிகளும் கலந்தே ஒலிக்கும். 1956 நவம்பர் 1ஆம் நாள் இங்கே எல்லை வகுத்தபோது, விளவங்கோடு உள்ளிட்ட தென் தாலுகாக்கள் நான்கும் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அத்தாலுகாவின் தமிழ்ப் பகுதியையும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்தது.

எதனால் இவ்வாறு முடிந்தது? 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழு இப்பகுதியில் தாலுகாவையே அலகாகக் கொண்டது, கிராமத்தைக் கொள்ளவில்லை. தாலுகா முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மலையாளமே மிகுதி. தென்னோரத்துச் சிற்றூர்களின் தமிழ் அக்கூட்டுத்தொகைக்குள் மறைந்துவிடும். தொகை பொய்யன்று. அலகை மாற்றினால் விடையும் மாறியிருக்கக்கூடும், அவ்வளவே! கிராமந்தோறும் பிரித்தால் எல்லை துண்டு துண்டாகச் சிதறும் என்ற அச்சத்தையும் நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

இத்தகைய கணக்குகளை எடைபோடக் கற்பிக்கும் உயர்கல்வி அருகேயுள்ள திருவனந்தபுரத்திலேயே வளர்ந்தது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் 1945இல் புள்ளியியல் துறை தோன்றியது. பேராசிரியர் கே. என். ராஜ் தோற்றுவித்த வளர்ச்சி ஆய்வு மையத்தில் 1975இல் பயன்முறைப் பொருளியலில் எம்.பில். படிப்புத் தொடங்கிற்று. தாலுகாவாரி அட்டவணையைத் திறக்கும் மாணவருக்கு நெய்யாற்றின்கரை ஒரே வரிதான். பாறசாலையைக் காண அவர் அதற்கும் கீழே இறங்கவேண்டும்.