கடலாய் வந்த பூமியதிர்ச்சி

பூமியதிர்ச்சி என்றவுடன் சுவர் வெடிப்பதும் கூரை சரிவதுமே நம் கண்முன் தோன்றும். பாடநூல்கள் வரைந்து காட்டும் படமும் அதுவே. அம்பாறைக் கரையில் வாழும் எம் மக்களின் நினைவிலோ அதற்கு உருவம் வேறு. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் பிளந்த நிலம், எங்களிடம் கடலாய் வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. அன்றைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்கு ஓரிரு நிமிடம் முன்னதாகச் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி நிலம் முறிந்தது. அளவு 9.1. முறிவு வடக்கே அந்தமான் வரை ஓடியது. பத்தாம் வகுப்பு மாணாக்கரிடம், வீட்டு மூத்தோரைக் கேட்டு அன்றைய காலையை எழுதிவரும்படி ஒருமுறை பணித்தேன். நிலம் ஆடியதாக ஒரு கொப்பியிலும் இல்லை. அப்போது பதின்ம வயதினனாயிருந்த எனக்கும் அத்தகைய நினைவில்லை. கொப்பிகள் எல்லாவற்றிலும் இருந்தது ஓர் இரைச்சல்; அதன்பின் "கடல் வருது" என்ற கூக்குரல். 'சுனாமி' என்ற சொல்லை எம்மவர் அறிந்தது மையித்துகளை அடக்கிய பின்னர்தான். அந்த நேரத்தில் நாவில் எழுந்தது கலிமா. கியாமத் நாள் வந்துவிட்டதென்றே பலர் எண்ணினர். முதலில் வந்த நீர் சிறிதென்றும், அது வடிந்ததைக் கண்டு பிள்ளைகளையும் பொருளையும் தேடித் திரும்பியோரை அடுத்த அலை கொண்டுபோயிற்றென்றும் பல மூத்தோர் சொல்லியிருந்தனர்.

நிலம் முறிந்ததற்கும் நீர் வந்ததற்கும் இடையே ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் இருந்தது. கல்முனையில் கடற்கரையிலிருந்து பிரதான வீதியைக் கடந்து வயல்வெளி சேர ஒரு கிழவிக்குக்கூட அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. ஹவாய்த் தீவிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்துள் அதிர்ச்சியைக் கண்டறிந்து பசிபிக் நாடுகளுக்கு அறிவித்தது. இந்து சமுத்திரக் கரையோருக்குச் சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை. அக்கருவிகள் செல்வந்த நாடுகளின் கடலைச் சுற்றியே நின்றன. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுதியாக இழந்தது அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல்.

கடல் யாரை எடுத்தது என்பதைத் தெருக்களின் அமைப்பே சொல்லும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஒடுங்கிய நிலம் இது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே வீதி. வீதியோரம் கடையும் காணியும் உடையோர். மணலோரம் கரைவலை இழுப்போரும் மீன் சுமப்போரும். இழந்தவர்களுள் வசதியுள்ளோரும் உண்டு. ஆயினும் அலை முதலில் தட்டியது எந்தக் கதவை என்பதில் ஐயமில்லை. அம்பாறை மாவட்ட முகாம்களில் பின்னர் நடந்த மருத்துவ ஆய்வு ஒன்று, ஆண்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பெண்கள் இறந்ததையும், அந்நேரம் வீட்டினுள் இருந்ததே உயிராபத்தைக் கூட்டியதையும் எடுத்துக்காட்டியது. குசினியில் நின்றவளுக்குக் கடல் தெரியாது.

இது முன் நிகழாததொன்றா? 1883 ஓகஸ்ட் 27இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் கடல் இலங்கைக் கரையைத் தொட்டது. காலியில் நீர் பின்வாங்கியதை அன்றே பதிந்துவைத்தார்கள். நம் மாவட்டத்தின் தென்கோடியான பானமைப் பக்கத்தில் அலையில் அகப்பட்ட பெண்ணொருத்தி இறந்தாள் என்ற குறிப்பும் உண்டு. அது இங்கிலாந்து அறிஞரின் நூலில் ஏறியது. நம் பாடசாலைக்கு வரவில்லை. அம்பாந்தோட்டைக் கரகன் களப்பின் சேற்றைத் துளைத்துப் பார்த்தவர்களோ, கடந்த ஏழாயிரம் ஆண்டுகளில் கடல் பலமுறை ஏறியதன் மணற்படைகளைக் கண்டனர். நாங்கள் பல்கலைக்கழகத்தில் இறையனார் அகப்பொருளுரையைப் படித்தபோது 'கடல்கோள்' வந்தது. அது உண்மையா, புனைவா என்று மணிக்கணக்கில் வாதிட்டோம். கடல் ஏறக்கூடியது என்ற ஒன்றை மட்டும் எவரும் எம் கரையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அலைக்குப் பிந்திய முதற் சில நாட்களை மூத்தோர் தனி வாஞ்சையோடு நினைவுகூர்கின்றனர். பள்ளிவாசலிலும் கோயிலிலும் பாடசாலையிலும் சோறு பொங்கியபோது பசித்தவன் எந்த ஊரவன் என்று கேட்பாரில்லை. பிறகு சட்டம் வந்தது. 2005இல் கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை வீடு கட்டலாகாதென்றனர். அதே கடல், அதே அலை. எங்களுக்கு மட்டும் இருமடங்கு தூரம்! ஒடுங்கிய எம் நிலத்தில் 200 மீட்டர் என்பது ஒரு குறிச்சியையே விழுங்கிவிடும். எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் காணியிழந்து அலைந்தோர் பலர். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியால் 500 வீடுகள் எழுந்தன. அவை யாருக்கென்ற இனப் பூசல் நீதிமன்றம்வரை சென்றது. வீடுகள் ஆண்டுக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்து, காடு மண்டின.

நிலமே ஆடியதை எம்மவர் பலர் உணர்ந்த நாள் 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. பிற்பகல் 2.08க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் அதிர்ச்சி, அளவு 8.6. இம்முறை எச்சரிக்கை கிடைத்தது. பலருக்கு அது தேவைப்படவில்லை. கதிரை அசைந்ததுமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வயற்பக்கம் ஓடினர். இரண்டு மணி நேரத்தில் 8.2 அளவில் மற்றொன்று. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் கடல் பெரிதாய் எழவில்லை. மாலையில் எச்சரிக்கையை நீக்கினர்.

அந்த மாலையைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். எல்லாரும் திரும்பிவிட்டனர், அவள் உம்மும்மா மட்டும் வரம்பிலேயே இருந்தாராம். மடியில் ஒரு துணிப்பை. அதில் அடையாள அட்டையும் காணி உறுதியும். சுபஹு பாங்கு கேட்ட பிறகே வீட்டுக்கு எழுந்தார். அந்தப் பை இன்றும் வாசற்கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது.