லண்டன் பப்: எங்கே மலிவு, ஏன் மலிவு?

மேற்படிப்புக்கு லண்டன் போகும் நம் கல்லூரித் தம்பி தங்கைகள் பலர் என்னிடம் கேட்பது: "அண்ணே, கையைக் கடிக்காத நல்ல பப் எது?" பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, விலை மாறிவிடும். சரித்திரத்தைச் சொன்னா நீங்களே கண்டுபிடிச்சுக்கலாம். (குடிக்காதவங்களும் போகலாம். ஆரஞ்சு ஜூஸ் கேட்டா யாரும் முறைக்க மாட்டாங்க.)

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பேர்தான் பப்ளிக், உள்ளே பேதம் உண்டு. விக்டோரியா காலத்தில் மரத்தடுப்பு வைத்து, உழைப்பாளிக்குப் 'பப்ளிக் பார்', துரைமாருக்குச் 'சலூன் பார்' என்று பிரித்திருந்தார்கள். அதே பீர்தான்; சலூன் பாரில் விலை கூடுதல். நம்ம ஊர்க் கொட்டகையின் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட் மாதிரி! ஹை ஹோபர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸ் பப்பில் அந்தத் தடுப்புகளை இன்றும் பார்க்கலாம்.

விலையின் சூட்சுமம், கடை யாருக்குச் சொந்தம் என்பதில் இருக்கிறது. 1830-ல் வந்த சட்டப்படி, வரி கட்டும் எவரும் இரண்டு கினி செலுத்தினால் வீட்டிலேயே பீர் விற்கலாம். தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. பிறகு லைசென்ஸ் கெடுபிடி வந்ததும் பீர் ஆலைக்காரர்கள் கடைகளை வளைத்துப் போட்டார்கள். எங்கள் பீரைத்தான் விற்கணும் என்று கட்டுப்பாடு. 1989-ல் அரசாங்கம் தலையிட்டது: 2000 பப்புகளுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள், அந்த உபரியில் பாதியையாவது கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கணும். நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை! ஆயிரக்கணக்கான கடைகள், பீரே காய்ச்சாத சொத்துக் கம்பெனிகள் கைக்குப் போயின. கடை நடத்துபவர் வாடகையும் கொடுத்து, அவர்கள் சொல்லும் விலைக்கே பீரும் வாங்கணும். அந்தச் சுமை நம்ம தலையில்தான் விடியும்.

ஆகவே வாசல் பலகையைப் பாருங்கள். யார்க்ஷயரில் 1758-லிருந்து இயங்கும் சாமுவேல் ஸ்மித் ஆலை, தன் கடைகளில் தன் சரக்கையே விற்கும். அதனால் வெகுகாலம் லண்டனில் மலிவுக்குப் பேர் பெற்றிருந்தது. 1979-ல் வட லண்டனில் தொடங்கிய வெதர்ஸ்பூன் வேறு வழி பிடித்தது: பழைய பேங்க், சினிமா தியேட்டர்களை எடுத்து, மொத்தமாக வாங்கிக் குறைந்த லாபத்துக்கு விற்பது. அழகு குறைவு, பர்ஸுக்கு நல்லது.

தரத்துக்கு, 1971-ல் நாலு இளைஞர்கள் தொடங்கிய பீர் இயக்கம் 1974 முதல் வெளியிடும் வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறது, தொண்டர்களே தேர்ந்தெடுப்பது. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் தனக்குப் பிடித்த பப்பைப் பத்து லட்சணங்களோடு வருணித்துவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடித்தார்!

ஒரு எச்சரிக்கை: அங்கே 'ரவுண்டு' முறை. ஆறு பேரோடு போனா, உங்க முறைக்கு ஆறு பைண்ட் வாங்கணும். இரண்டு பேராகப் போங்க.

தொண்ணூறுகளில் என் அறை ஹீட்டருக்குக் காசு போடணும். தெருமுனைப் பப்பில் கணப்பு இலவசம். அரை பைண்டோடு மாலை முழுக்கப் படிப்பேன். கடைக்காரம்மா ஒரு நாளும் எழுப்பினதில்லை. இப்போது அந்த இடத்தில் ஃபிளாட் கட்டிவிட்டார்கள்.