எண்ணெய் வந்தது, புண்ணாக்கு வரவில்லை

புண்ணாக்குக்கென்று யாரும் நிலக்கடலை விதைப்பதில்லை. எண்ணெய்க்கு விதைக்கிறார்கள், புண்ணாக்கு கூடவே கிடைக்கிறது. ஆட்டும் பருப்பில் எடைக்குப் பாதிக்கு மேல் மிஞ்சுவது அதுதான். ஆனாலும் எண்ணெய்க்கு என்ன விலை, யார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே மாட்டுத் தொட்டிக்கு அது வருவதும் வராததும் முடிவாகிறது. தமிழகத்தில் அதன் நூற்றைம்பது ஆண்டுப் போக்குவரத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டுச் செம்மண் காடுகளில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை பரவியது. விளைந்ததில் பெரும்பகுதி புதுச்சேரித் துறையில் கப்பலேறி பிரான்சின் மார்செய் நகருக்குப் போனது. அங்கிருந்த ஆலைகள் எண்ணெயைச் சோப்புக்கு எடுத்துக்கொண்டன. பிழிந்த சக்கை அந்நாட்டு மாடுகளுக்கும் வயல்களுக்கும் சேர்ந்தது. கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 7 சதவீதம் தழைச்சத்து உண்டு. பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்து மண்ணின் வளம் இப்படித்தான் கடல் கடந்தது.

உள்ளூரில் ஆட்டியது உள்ளூரிலேயே தங்கியது. செக்குப் புண்ணாக்கில் பிசுக்கு மிகுதி. இரவே ஊறவைத்துக் காலையில் கழுநீரோடு கரைத்துக் கறவை மாட்டுக்கு வைப்பார்கள். வெற்றிலைக் கொடிக்கால், கரும்பு, வாழை எல்லாவற்றுக்கும் அதுவே உரம். பிறகு எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் இயந்திரம் வந்தது. புண்ணாக்கில் தங்கும் எண்ணெய் 6 முதல் 8 சதவீதமாகக் குறைந்தது. அதன்பின் வந்த சால்வென்ட் ஆலைகள் ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி மிச்சத்தையும் இழுத்துவிட, ஒரு சதவீத அளவே நின்றது. எண்ணெய் போனதால் புரதத்தின் விகிதம் கூடி 45 சதவீதத்தைத் தொட்டது. ஊர்ச் செக்கடியில் வாங்கிய கட்டிப் புண்ணாக்கு, மூட்டையில் ஏறும் தூளாகி ஐரோப்பியப் பண்ணைகளுக்குப் புறப்பட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தந்த சரக்குகளில் அதுவும் ஒன்றானது.

அந்தப் பாதையை மறித்தது இங்கிலாந்தில் நேர்ந்த ஒரு சாவு வரிசை. 1960இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ என்ற பூஞ்சணம் விட்ட நஞ்சுதான் காரணம். அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. கொதிக்க வைத்தாலும் போகாது. காய் முற்றும் நேரத்தில் வறட்சி, அறுவடையில் மழை, சரியாகக் காயாத மூட்டை என்று நம் மானாவாரி விவசாயி அனுபவிக்கும் எல்லாமே இந்தப் பூஞ்சணத்துக்கு வாய்ப்பு. 1970களில் ஐரோப்பியச் சமூகம் தீவனத்தில் இந்த நஞ்சுக்கு வரம்பு விதித்தது. கடலைப் புண்ணாக்கின் ஏற்றுமதிச் சந்தை சுருங்கியது. அங்கே மாட்டுக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட நஞ்சைப் பற்றிய எச்சரிக்கை நம் தொழுவங்களுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்கும் என்பதால், இதை மாட்டின் பிரச்சினை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கிடையே மத்தியப் பிரதேசத்தில் சோயா பரவியது. 1986இல் தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் அதற்கு மேலும் வேகம் கொடுத்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகள் சோயாப் புண்ணாக்குக்கு மாறியதற்கு நியாயமான காரணம் இருந்தது: கடலைப் புண்ணாக்கில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சோயாவில் அது தாராளம்.

பெரிய அடி 1994இல் விழுந்தது. பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. கடலை எண்ணெயைவிட மலிவான எண்ணெய் கப்பல் கப்பலாக வந்து இறங்க, இங்கே பல ஆலைகளில் கடலை ஆட்டுவது கட்டுப்படியாகாமல் போயிற்று. வந்தது எண்ணெய் மட்டும்தான். பனைக் கொட்டையின் புண்ணாக்கு மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் நின்று, அங்கிருந்து நியூசிலாந்து மாடுகளுக்குப் போகிறது. தமிழகத்தில் 1980களின் இறுதியில் பத்து லட்சம் எக்டேர் அளவில் இருந்த நிலக்கடலைப் பரப்பு இன்று பாதிகூட இல்லை. விளைவதிலும் ஒரு பகுதி வறுகடலைக்கும் கடலை மிட்டாய்க்கும் போகிறது. தின்ற கடலை புண்ணாக்கு தராது.

2021 ஆகஸ்டில் நடந்த இரண்டை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப்பனை சாகுபடியைப் பெருக்க 11,040 கோடி ரூபாயில் ஒரு தேசிய இயக்கத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கோழித்தீவன விலை தாங்க முடியாமல் ஏறியதால், மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்யவும் அதே மாதம் அனுமதித்தது. எண்ணெயை ஒரு கணக்கிலும் தீவனத்தை வேறு கணக்கிலும் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

மரச்செக்கு எண்ணெய்க்குக் கடந்த சில ஆண்டுகளாக மவுசு கூடியதால், நகரங்களிலும் செக்குப் புண்ணாக்கு மீண்டும் கிடைக்கிறது. மாடித்தோட்டக்காரர்கள் புளிக்கவைத்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். அளவு சிறிதுதான், இருந்தாலும் நல்ல செய்தி. எண்ணெய்வித்துக்கு ஆதரவு விலையும் மானியமும் நிர்ணயிப்பவர்கள் லிட்டரோடு புண்ணாக்கின் கிலோவையும் சேர்த்துக் கணக்கிடட்டும். கடலை போடுபவர்கள் காயை ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்துவிட்டு மூட்டை கட்டுங்கள். பூஞ்சணம் பூத்த புண்ணாக்கை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், மாட்டுக்கு வைக்காதீர்கள்.