'பீக்கன்': ஒரு சொல்லின் வரலாறு

'பீக்கன்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் 'கலங்கரை விளக்கம்' என்று தமிழாக்கி, திருச்சபை இருளில் ஒளிரும் விளக்கு என விரித்துரைப்பது நம்மிடையே வழக்கமாக உள்ளது. கருத்து தவறன்று. ஆயினும் அச்சொல்லின் முதற்பொருள் ஒளி அன்று, அடையாளம் என்பதே.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'பேயாகன்' என்பதாகும். டச்சு மொழியின் 'பாக்கென்' இதற்கு உறவு. கையசைத்து அழைத்தலைக் குறிக்கும் 'பெக்கன்' என்னும் வினையும் இச்சொல்லிலிருந்து பிறந்ததே. கலங்களைக் கரையும், அதாவது அழைக்கும், விளக்கமே கலங்கரை விளக்கம் என நம்மவர் சிலர் கூறும் பொருள் இங்கு நினைவுக்கு வருகிறது.

பழைய ஆங்கிலக் கிறிஸ்தவர்கள் இச்சொல்லைச் சிலுவைக்கு வழங்கினர். 'சிலுவை மரத்தின் கனவு' என்னும் பாடலில், பொன் போர்த்த சிலுவை இப்பெயராலேயே சுட்டப்படுகிறது. இப்பாடலோடு ஒத்த அடிகள் ஸ்காத்லாந்தின் ரத்வெல் ஊரிலுள்ள 8ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவையில் ரூனிக் எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. 1642இல் ஸ்காத்லாந்து திருச்சபையின் பொதுப்பேரவை அதனை விக்கிரகமெனக் கருதித் தகர்க்கச் செய்தது. சீர்திருத்த மரபினராகிய நாம் இதனை மறைத்தல் தகாது. அதன் துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1823இல் மீண்டும் நிறுத்தியவரும் அதே திருச்சபையின் ஆயரே: ஹென்றி டங்கன். (ஏழைகளுக்காக 1810இல் சேமிப்பு வங்கி தொடங்கியவரும் இவரே.)

மலையுச்சியில் மூட்டும் எச்சரிக்கைத் தீ என்னும் பொருள் 14ஆம் நூற்றாண்டளவில் இச்சொல்லுக்கு நிலைபெற்றது. 1588இல் ஸ்பானியக் கப்பற்படை வந்தபோது இங்கிலாந்தின் குன்றுதோறும் எரிந்தது இத்தீயே. அதனை நினைவில் கொண்ட தலைமுறைக்கே 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் அளிக்கப்பட்டது. அதில் இச்சொல் ஒரேயொருமுறை, ஏசாயா 30:17இல், வருகிறது. அங்குள்ள எபிரெயச் சொல் 'தோரென்'. அது தீயைக் குறிப்பதன்று, கம்பத்தைக் குறிப்பது. ஏசாயா 33:23இலும் எசேக்கியேல் 27:5இலும் அதுவே கப்பலின் பாய்மரம். எகிப்தின் குதிரைகளை நம்பி ஓடிய மக்கள், மலைமேல் தனித்து நிற்கும் கம்பம்போல் எஞ்சுவர் என்கிறார் தீர்க்கர். இது புகழுரை அன்று, நியாயத்தீர்ப்பு. இவ்வசனத்தைச் சபையின் பெருமைக்கு எடுத்தாளுவோர் இதனைக் கருதவேண்டும்.

தீ அடையாளத்திற்கு எபிரெயர் வழங்கிய சொல் வேறு. எரேமியா 6:1இல் பெத்கேரேமின்மேல் எழுப்பப்படுவது 'மஸ்ஏத்'. 'உயர்த்துதல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. 1935இல் லாகீசின் வாயிலருகே அகழ்ந்தெடுத்த ஓட்டுக் கடிதங்களுள் நான்காவதில் இச்சொல்லே காணப்படுகிறது. கி.மு. 587ஐ ஒட்டிய நாட்களில் யூதாவின் வீரன் ஒருவன் எழுதியது அது. லாகீசின் தீ அடையாளங்களை நோக்கியிருப்பதாகவும், அசெக்காவைக் காண இயலவில்லை என்றும் அவன் தெரிவிக்கிறான். எரேமியா 34:7, யூதாவின் அரணான பட்டணங்களுள் எஞ்சியவை என்று இவ்விரண்டையே குறிக்கிறது. அசெக்கா வீழ்ந்துவிட்டது என்பர் சிலர். அவ்விடத்திலிருந்து அது தெரிந்திராது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், எரியாத தீயும் செய்தி சொல்லக்கூடும் என்பதை அவ்வீரன் அறிந்திருந்தான்.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் மற்றொரு செய்தி உண்டு. அமாவாசைக்குப்பின் பிறை கண்டதை அறிவிக்க ஒலிவமலையில் தீ உயர்த்துவர். அதைக் கண்டு அடுத்த குன்றிலும், அதற்கடுத்த குன்றிலும் உயர்த்துவர். இவ்வாறு செய்தி பாபிலோனியச் சிறையிருப்பினர் வரை சென்றது. பின்னர்ச் சமாரியர் பொய்த்தீ மூட்டிக் குழப்பினர் என மிஷ்னா குறைகூறுகிறது. எதிர்த்தரப்பின் கூற்று நமக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் யூதர் தீயை நிறுத்திவிட்டு, ஆட்களையே தூதாக அனுப்பலாயினர்.