உழபுல வஞ்சியும் உணவுக் கட்டுப்பாடும்

பகைவர் நாட்டு விளைநிலங்களை எரியூட்டுவதைப் புறப்பொருள் வெண்பாமாலை 'உழபுல வஞ்சி' எனத் தனித் துறையாக வகுத்துரைக்கும். உணவு அழிந்தால் பகைவன் வலிமை அழியும் என்பதே அதன் உட்கிடை. ஆனால், அரசை எதிர்ப்போர் உள்நாட்டுக் காட்டிலேயே ஒளிந்திருக்கையில், படை மிதிக்கும் நிலம் பகைவனுடையதன்று, சொந்தக் குடிகளுடையது. இவ்வேற்றுமையை மலாயாவின் அவசரகால வரலாறு தெளிவுறக் காட்டும்.

1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கு அரிசியும் மருந்தும் காட்டோரக் குடிகளிடமிருந்தே சென்றன. விரும்பிக் கொடுத்தோரும் உண்டு. அஞ்சிக் கொடுத்தோரும் உண்டு. 1950இல் சர் ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, பெரும்பாலும் சீனரான ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பெற்றனர். தோட்டத்து லயன்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. விற்கும் உணவு டின்கள் துளையிடப்பட்டன. சில இடங்களில் அரிசியைப் பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கியே வழங்கினர். சோறு விரைவில் கெடுமாதலின் காட்டுக்குக் கடத்த இயலாது என்பது காரணம்.

படைநோக்கில் இது பயன் தந்தது. ஆயின் அதன் சுமை உழைப்பவர் தலையில் விழுந்தது. 1929இல் 'போ' தோட்டம் தோன்றிய கேமரன் மலையை எண்ணுக. தேயிலைக் கொழுந்தும், லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கின் கோசும் ஊரடங்கு நீங்கும்வரை காத்திரா. கொழுந்து முற்றினால் கூலி குறையும்; கோசு அழுகினால் கடன் ஏறும்.

1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிமில் தாக்குதல் நிகழ்ந்தபின், ஜெனரல் டெம்ப்ளர் அவ்வூர் முழுவதற்கும் 22 மணிநேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கையும் குறைத்தார். குற்றவாளியோடு குழந்தையும் தண்டனை பெற்றது. 1953 செப்டம்பரிலோ மலாக்காவின் ஒரு பகுதி 'வெள்ளைப் பிரதேசம்' என அறிவிக்கப்பட்டு, உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பெற்றது. அமைதி காத்தால் அடுப்புக்கு விடுதலை உண்டு என்பதை மக்கள் கண்டனர். பிற பகுதிகளிலும் இம்முறை பரவிற்று.

பூர்வகுடியினர் வரலாறும் இதனையே கூறும். சமவெளி முகாம்களுக்கு இறக்கப்பட்டவர்களுள் பலர் நோயுற்று மாண்டனர். அரசு பின்னர் அம்முறையைக் கைவிட்டு, அவர்தம் காட்டிலேயே கோட்டைகள் அமைத்து மருந்தும் பண்டமும் அளித்தது.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது. கட்டுப்பாடு தவிர்க்க இயலாததாயின், அதற்கு இடமும் காலமும் வரையறுக்கப்பட வேண்டும். இழந்த பயிருக்கு ஈடும், இழந்த நாளுக்குக் கூலியும் வேண்டும். வயலில் புகுந்த யானை உண்பதினும் மிதித்தழிப்பதே மிகுதி என்று பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உணர்த்தியது வரி கொள்வதைப் பற்றி. படை நடத்துவோர்க்கும் அது பொருந்தும்.