நுயென்: ஒரு வியட்நாமியக் குடும்பப்பெயரின் வரலாறு

வியட்நாம் மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் தாங்கும் நுயென் என்னும் குடும்பப்பெயர், ஒரே மூதாதையின் வழியினர் பல்கிப் பெருகியதால் மட்டும் பரவியதன்று. அரசுகள் மாறியபோது ஆணையாலும் அச்சத்தாலும் பலர் ஏற்ற பெயர் அது. 1225இல் லீ மரபிடமிருந்து ஆட்சியைக் கைப்பற்றிய ட்ரான் மரபினர், தம் முன்னோர் ஒருவரின் பெயர் லீ என்பதால் அதைப் பிறர் வழங்கலாகாது என்று காரணம் காட்டி, 1232இல் லீ குடும்பத்தார் அனைவரையும் நுயென் என மாறச் செய்ததைப் பழைய அரச வரலாற்றேடு பதிவுசெய்கிறது; பெரியோர் பெயரை உச்சரிக்கக் கூடாது என்னும் வழக்கம் அங்கு உண்மையிலேயே இருந்ததாயினும், வீழ்ந்த மரபின் நினைவை அழிப்பதே ஆணையின் உள்நோக்கம் எனக் கொள்வது பொருந்தும். 1592இல் மாக் மரபு வீழ்ந்தபின் அதன் வழியினருள் சிலரும் இப்பெயருக்குள் மறைந்து உயிர் பிழைத்தனர். பின்னர் 1802 முதல் 1945 வரை ஹுவே நகரிலிருந்து ஆண்டதும் நுயென் என்னும் பெயருடைய மரபே.

இப்பெயருக்குரிய சீன எழுத்து, பழைய சீனச் சிற்றரசு ஒன்றையும் வட்டக் குடமுடைய நரம்புக் கருவி ஒன்றையும் குறிக்கும். குடும்பப்பெயராக வழங்குகையில் இப்பொருள்கள் கருதப்படுவதில்லை.

ஒலிப்பில், 'அங்ஙனம்' என்னும் சொல்லில் வரும் ஙகரமே இதன் முதல் ஒலி. அது உதடு குவிந்து உயிரொலியோடு இணைய, முழுப்பெயரும் ஒரே அசையாக முடிகிறது. ஹனோய்ப் பகுதியில் இறுதியில் னகரமும் சைகோன் பகுதியில் ஙகரமும் கேட்கும். ஙகரத்திற்குத் தனியெழுத்து வைத்திருக்கும் தமிழ், ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றி நகரத்தில் தொடங்கி எழுதுவது, வழக்காகிவிட்டதேயன்றிச் சரியானதன்று.

இத்தனை பேருக்குப் பொதுவான பெயர் ஒருவரைப் பிரித்துக் காட்டாது என்பதால், குடும்பப்பெயரை முதலில் எழுதும் வியட்நாமியர் அன்றாடம் விளிப்பதும் மரியாதையாகக் குறிப்பிடுவதும் இறுதியில் நிற்கும் இயற்பெயரால்தான். மணமான பெண்களும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரை மாற்றுவதில்லை. உரோமன் வரிவடிவில் இப்பெயரின் ஒரே எழுத்தின்மேல் உயிரொலியைக் காட்டும் கூரைக்குறி, தொனியைக் காட்டும் அலைக்குறி என இரண்டு ஏறி நிற்கின்றன. டெலெக்ஸ் என்னும் தட்டச்சு முறையில் 'ஈ' விசையை இருமுறை அழுத்திக் கூரையையும், 'எக்ஸ்' விசையால் அலையையும் இடுவர். கடவுச்சீட்டில் கருவி படிக்கும் வரிகளிலோ இவ்விரு குறிகளுக்கும் இடமில்லை.