சின்ன மீனைப் போட்டு...

எனக்குத் தெரிந்த தூண்டில் ஒன்றே ஒன்றுதான். ஒரு மூங்கில் கழி, நாலு முழம் நரம்பு, நெட்டியில் செய்த தக்கை, ஒரு கொட்டாங்கச்சி நிறைய ஈர மண், மண்ணுக்குள் நெளியும் புழு. பள்ளிக்கூடம் விட்டதும் வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்தால், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நாலு கெண்டையாவது கிடைக்கும். அதற்கு வீட்டில் கிடைக்கும் வசவு தனிக் கணக்கு. மீன் என்றால் புழு, புழு என்றால் மீன் என்பதுதான் என் தூண்டில் சாஸ்திரம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் உதகமண்டலத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நான் கதை எழுதுகிறவன் என்று கேள்விப்பட்டு, ஒரு மாலை நேரம் கையில் பழைய தகரப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஸார், இது என்னவென்று சொல்லுங்கள், பார்க்கலாம்" என்று மூடியைத் திறந்தார்.

உள்ளே வரிசை வரிசையாக, சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாகாத சின்னஞ்சிறு உருவங்கள். சேவல் இறகும், சிவப்பு நூலும், பொன் சரிகையும் சுற்றியவை. பொம்மைக் கல்யாணத்துக்குச் செய்த தோடுகளோ என்று நினைத்தேன். அப்படியே சொல்லியும் விட்டேன்.

பெரியவர் சிரித்தார். "இதெல்லாம் ஈ, ஸார்! மீனை ஏமாற்ற மனிதன் செய்த ஈ. உள்ளே முள் இருக்கிறது, விரலை வைத்துவிடாதீர்கள். என் அப்பா ஒரு தோட்டத் துரைக்கு மீன்கூடை தூக்கியவர். துரை சீமைக்குத் திரும்பும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போனார்."

"அப்பா இதைக் கொண்டு மீன் பிடித்திருக்கிறாரா?"

"சீட்டு வேண்டுமே, ஸார்! லைசென்ஸ் சீட்டு. கூடை தூக்குகிறவனுக்குச் சீட்டு ஏது? ஒரு நாளும் வீசிப் பார்த்ததில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து வைப்பார்."

அந்தப் பெட்டி என்னை விடவில்லை. ஊர் திரும்பியதும் இந்த ஈயின் விருத்தாந்தத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று.

நமக்குச் சித்திரை வைகாசியில் அக்கினி நட்சத்திரம் தகிக்கும். அதே மே மாதக் கடைசியில்தான் இங்கிலாந்தில் கோடை கண் விழிக்கிறது. அப்போது அங்கே ஓடைகளில் ஒரு அதிசயம் நடக்கும். ஆற்றின் அடி மண்ணில் ஓரிரு வருஷம் புழுவாகக் கிடந்த ஒரு பூச்சி, நீரின் மேலே வந்து சட்டையை உரித்து, கண்ணாடிச் சிறகு விரித்துப் பறக்கும். நம் ஊரில் மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்புகிறதே, அந்தக் காட்சிதான். இந்த மே ஈக்கு வாய் இருந்தும் உண்ணும் சக்தி கிடையாது. ஓரிரு நாள் வாழ்க்கை. அதற்குள் கல்யாணம், பிரசவம், மரணம் மூன்றும் முடிந்துவிடும். முட்டையிட்டு ஓய்ந்து நீரில் விழும்போது, கீழே ட்ரவுட் மீன் காத்திருக்கும். புள்ளி போட்ட மேனி; குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில்தான் பிழைக்கும்; பொதுவாக மகா சந்தேகப் பிராணி. ஆனால் இந்தப் பதினைந்து நாள் மட்டும் அதற்குப் புத்தி மழுங்கிவிடுமாம். கற்றுக்குட்டிக்கும் மீன் கிடைக்கும் என்பதால் ஆங்கிலேயர் இதற்குக் 'கற்றுக்குட்டிகளின் பட்சம்' என்கிற பொருளில் ஒரு செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இந்த ஈயை நிஜமாகவே முள்ளில் குத்தினால் நசுங்கிப் போகும். ஆகவே மனிதன் பொய் ஈ செய்தான். இது நேற்றைய யோசனை அல்ல. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்கிற ரோமானியர் கிரேக்க மொழியில் எழுதி வைத்திருக்கிறார்: மாஸிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றில் புள்ளி மீன் பிடிப்பவர்கள், முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைச் சேர்ப்பார்களாம். பெரியவரின் தகரப் பெட்டியில் நான் கண்டதும் அதே நூல், அதே சேவல்!

பிறகு ஆங்கிலேயர் இதைக் கலையாக்கினார்கள். ஐஸக் வால்டன் 1653-ல் தூண்டில் பற்றிப் புத்தகம் எழுதினார். 1676-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் ஈ கட்டும் வித்தையைச் சேர்த்தார். 1886-ல் ஹால்ஃபோர்டு என்பவர் மிதக்கும் ஈக்களைப் பற்றி எழுதினார். நனையாமல் நீர்மேல் மிதக்கும் ஈயைத்தான் வீசவேண்டும். அதுவும் மீன் வாய் திறந்து மேலே வருவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வீசவேண்டும் என்று ஆசாரமே வகுத்துவிட்டார் அவர். கலை, மதமாயிற்று.

அந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் கடல் கடந்து குடியேறினார்கள். டாஸ்மேனியாவில் மலை இருக்கிறது, பனி இருக்கிறது, பளிங்கு போன்ற ஓடை இருக்கிறது. ட்ரவுட் மட்டும் இல்லை! சொந்த ஊர் நினைவு மனிதனை என்னதான் செய்யாது? ஜேம்ஸ் ஆர்ன்டெல் யூல் என்பவர், இங்கிலாந்து மீனைப் பூமியின் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயே தீருவது என்று புறப்பட்டார். அவருடைய மனம் முழுதும் ஸால்மன் மீன்மேல்தான். அது பெரிய மீன், வியாபாரத்துக்கும் ஆகும்.

மீனின் முட்டை குளிர்ந்த நீரில்தான் உயிரோடிருக்கும். பாய்க்கப்பலோ உஷ்ண மண்டலத்தைத் தாண்டி, மூன்று மாதம் போகவேண்டும். 1860-ல் ஒரு முயற்சி. கப்பலில் பனிக்கட்டி தீர்ந்தது, முட்டை செத்தது. 1862-ல் மறுபடியும் முயற்சி, மறுபடியும் தோல்வி. ஆனால் இந்த இரண்டாவது தோல்வியில் ஒரு துப்புக் கிடைத்தது. பனிக்கட்டி அறையில் பாசி வைத்த சிறு பெட்டி ஒன்றில் இருந்த முட்டைகள் மற்றவற்றைவிட நெடுநாள் தாக்குப் பிடித்திருந்தன. உடனே யூல் லண்டனில் ஒரு பனிக்கட்டிக் கம்பெனியின் கிடங்கில், ஈரப் பாசியில் முட்டையை அடுக்கிப் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்துச் சோதித்தார். நூறு நாளுக்கு மேலும் உயிர் இருந்தது!

பனிக்கட்டிக் கப்பல் என்றதும் சென்னைவாசிகளுக்குத் திருவல்லிக்கேணி கடற்கரை ஞாபகம் வரும். 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க எழுந்த கட்டடம்தான். துரைமார் கோப்பையைக் குளிர வைத்த அதே வியாபாரம்தான் மீன் முட்டைக்கும் வழி காட்டிற்று.

1864-ஆம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி 'நார்ஃபோக்' என்ற கப்பல் லண்டனை விட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் ஸால்மன் முட்டைகள். புறப்படும் சமயத்தில் ஃபிராங்க் பக்லண்டு, ஃபிரான்ஸிஸ் ஃபிரான்ஸிஸ் முதலிய நண்பர்கள், "இதையும் ஒரு மூலையில் வையுங்கள்" என்பதுபோல் 3,000-க்குச் சற்றுக் குறைவான ட்ரவுட் முட்டைகளையும் கொடுத்தார்கள். ஏப்ரலில் கப்பல் மெல்போர்ன் சேர்ந்தது. அங்கிருந்து வேறு கப்பலில் ஹோபார்ட். பிறகு ஆற்று வழி. கடைசியாகப் பெட்டிகளைக் கழியில் கட்டி, காவடிபோல் தோளில் சுமந்து பிளென்டி ஆற்றங்கரையில் தயாராயிருந்த குளங்களுக்குக் கொண்டுபோனார்கள். மே 4-ந் தேதி முதல் ட்ரவுட் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்தது. பிழைத்தவை சுமார் 300.

ஸால்மன் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அவையும் பொரித்தன, வளர்ந்தன, குலவழக்கப்படி கடலுக்குப் போயின. திரும்பி வரவே இல்லை. விரும்பி அழைத்த விருந்தாளி ஓடிப்போனார். கூடத் தொற்றிக்கொண்டு வந்தவர் வீட்டுக்கே எஜமானரானார்! அந்தச் சில நூறு ட்ரவுட்டின் சந்ததி டாஸ்மேனியாவின் ஏரிகளில் நிறைந்தது. 1867-ல் அவற்றின் முட்டை நியூஸிலாந்துக்கும் போயிற்று.

நம் நீலகிரிக்கும் இதே ஆசை வந்தது. சென்னை ராணுவ வைத்தியரும், இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவருமான ஃபிரான்ஸிஸ் டே 1863-ல் முட்டை தருவித்தார், பயனில்லை. பலர் முயன்று தோற்ற பிறகு, 1906-ல் சென்னை அரசாங்கம் எச். ஸி. வில்ஸன் என்ற நிபுணரை நியமித்தது. மறு வருஷம் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் ஏற்பட்டது. இலங்கையிலிருந்தும் பிறகு நியூஸிலாந்திலிருந்தும் வானவில் ட்ரவுட் என்கிற வேறு இனம் வந்தது. அதன் பூர்வீகம் அமெரிக்காவின் மேற்குக் கரை. கலிபோர்னியாவிலிருந்து 1883-ல் நியூஸிலாந்துக்கு வந்த மீனின் வம்சம், இருபத்தைந்து வருஷம் கழித்து, படுகர்களும் தோடர்களும் வாழும் மலைக்கு வந்து சேர்ந்தது!

இதுவரை படித்தபோது யூலின் விடாமுயற்சியை மெச்சிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் நியூஸிலாந்தின் டௌப்போ ஏரிக்கு வந்தேன். வந்த இடத்தில் உற்சாகம் போய்விட்டது.

அறுநூறு சதுர கிலோ மீட்டருக்கு மேல் விரிந்த ஏரி அது. கரையில் தொன்றுதொட்டு வாழ்கிறவர்கள் தூவாரெட்டோவா என்ற மாவோரி குலத்தார். ஏரியில் பெரிய மீன் கிடையாது. கோவாரோ என்ற விரல் நீள மீன்தான் ஏராளம். குலம் முழுவதும் அதை வலையில் வாரி உண்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஏரியில் ட்ரவுட்டை விட்டார்கள். விட்ட மீன் பூதாகாரமாய் வளர்ந்தது; உலகெங்குமிருந்து தூண்டில்காரர்கள் கப்பலேறி வந்தார்கள். எதைத் தின்று வளர்ந்தது? கோவாரோவைத்தான்!

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அங்கே அது பேச்சல்ல, அப்படியே நடந்தது. ஆனால் போட்ட சின்ன மீன் ஒருவருடையது, பிடித்த பெரிய மீன் இன்னொருவருடையது.

ஏனென்றால், கோவாரோ அருகிப்போன பிறகு அந்தக் குலத்தார் தங்கள் ஏரியில் ட்ரவுட்டைப் பிடித்தால் குற்றம். சீட்டு வேண்டும்! பல வருஷ வழக்குக்கும் பேச்சுக்கும் பிறகு 1926-ல் ஒரு சட்டம் வந்தது. ஏரியின் தரை அரசாங்கத்தைச் சேரும். கரையோரம் தூண்டில்காரர் நடக்க வழி விடவேண்டும். ஈடாகக் குலத்தாருக்கு வருஷத்துக்கு 3,000 பவுன். அதோடு, மீன் பிடிக்க 50 சீட்டுகள்.

அதே 1926-ல்தான் பிரசித்தி பெற்ற அமெரிக்க நாவலாசிரியர் ஸேன் கிரே அங்கே வந்து, ஏரியில் கலக்கும் டோங்கரீரோ ஆற்றில் ட்ரவுட் பிடித்தார். நியூஸிலாந்தைத் தூண்டில்காரரின் பொன்னுலகம் என்று கொண்டாடிப் புத்தகமும் எழுதினார். என் தொழிலைச் செய்தவர் என்பதால் அவரை நான் குறை சொல்லத் துணியவில்லை. நானே அங்கே போயிருந்தால் நானும் ஆற்றைத்தான் பார்த்திருப்பேன். ஐம்பது சீட்டை எண்ணியிருக்க மாட்டேன்.

இன்னொரு மீனின் கதையும் உண்டு. உபோகொரோரோ என்று மாவோரிகள் அழைத்த ஆற்று மீன், ட்ரவுட் வந்ததும் காடுகள் அழிந்ததும் சேர்ந்து, 1930-களுக்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. அதைப் பிடிக்கக்கூடாது என்று 1951-ல் சட்டம் இயற்றினார்கள். பாதுகாப்பு பூரணமாகத்தான் இருக்கிறது. மீன்தான் இல்லை.

டௌப்போ ஏரியின் தரை 1992-ல் அந்தக் குலத்தாரிடமே திரும்பிச் சேர்ந்தது. அந்த மட்டில் நியாயம் பிழைத்தது.

ட்ரவுட்டின்மேல் எனக்குக் கோபம் இல்லை. பசித்த மீன் எதிர்ப்பட்டதைத் தின்றது. குடியேறியவர்கள்மீதும் கோபிக்க முடியவில்லை. பிறந்த ஊர் ஓடையை விட்டு வந்தவனுக்கு அந்த ஓடை கனவில் வந்துகொண்டுதான் இருக்கும். என் வாய்க்காலும் மதகும் எனக்கு வருவதில்லையா? ஆனால் தன் ஊரை இன்னொருவன் ஊரில் கொண்டு வந்து வைக்கிறவன், அங்கே ஏற்கெனவே ஓர் ஊர் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறான். அங்கேதான் எல்லாம் கோணிப் போகிறது.

படித்ததையெல்லாம் நீளமாக ஒரு கடிதம் எழுதி, உதகமண்டலத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். சட்டம், பவுன் கணக்கு, ஐம்பது சீட்டு ஒன்றையும் விடவில்லை. நியாயம் கேட்டு எழுதுகிறவனுடைய தோரணை அதில் கொஞ்சம் தூக்கலாகவே இருந்திருக்கும்.

பதில் ஒரு கார்டில் வந்தது. உடல் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்:

"பரவாயில்லை ஸார், அவர்களுக்கு ஐம்பதாவது கொடுத்தார்கள்."